அனக்கொண்டா: ஒரு சொல்லின் வரலாறு



தென் அமெரிக்காவின் ஆறுகளிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும் பெரும் பாம்பினை ஆங்கிலத்தில் அனக்கொண்டா என்பர். அப்பாம்பு இலங்கைக்கு உரியதன்று. ஆயினும் அதன் பெயர் இலங்கையிலிருந்தே சென்றது. இவ்விந்தை எங்ஙனம் நிகழ்ந்தது?

முதற்கண் ஒலிப்பினை நோக்குவோம். அச்சொல் அ, ன, கொன், டா என நான்கு அசைகளை உடையது. ஈண்டு அசை என்பது யாப்பிலக்கணம் கூறும் நேரசை நிரையசை அன்று. உயிரொலி ஒன்றைச் சார்ந்து எழும் ஒலிக்கூறேயாகும். மூன்றாம் அசையே அழுத்தம் பெறும். இரண்டாவதும் நான்காவதும் தளர்ந்து ஒலிக்கும். நாமோ ஈற்றசையை நெடிலாக நீட்டுகின்றோம். ஆங்கிலேயர் அதனைக் குறுக்கியே முடிப்பர்.

இனி அதன் பிறப்பு. ஆங்கில இயற்கையறிஞர் ஜோன் ரே 1693 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், லைடன் நகர அரும்பொருட்சாலைப் பாம்புகளின் பட்டியலொன்று உளது. அதில் இலங்கையர் 'அனகண்டையா' என வழங்கும் பாம்பு, எருமைகளையும் நுகம் பூணும் விலங்குகளையும் நெரிப்பது எனக் குறிக்கப்பட்டுள்ளது. 1768 இல் ஸ்கொட்லாந்து இதழொன்று, இலங்கையில் இப்பாம்பு வரிப்புலியொன்றை நெரித்துக் கொன்றதாகக் கதை வெளியிட்டது. இலங்கைக் காட்டில் உள்ளது சிறுத்தையே, வரிப்புலி அன்று என்பதை நேயர் அறிவீர்கள். பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில், அப்பெயர் தென் அமெரிக்கப் பாம்பிற்கு உரியதாயிற்று.

'ஹொப்சன் ஜொப்சன்' அகராதியைத் தொகுத்தோருள் ஒருவரான ஹென்றி யூல், இதனை யானையைக் கொன்றது எனப் பொருள்படும் தமிழ்த் தொடராகக் கருதினார். 'ஆனைகொன்றான்' என்று கேட்கும்போது நம் செவி குளிர்கின்றது. ஆயினும் ரேயின் குறிப்பில் எருமை உண்டு, யானை இல்லை. சிங்களத்திலோ 'ஹெனகந்தயா' என்னும் பெயர் வழங்குகின்றது. 'ஹென' மின்னலையும் 'கந்த' தண்டினையும் குறிப்பன. ரே காட்டும் பழைய வடிவத்தின் ஈறும் இதனோடு பொருந்துகின்றது. ஆகவே அகராதியாளர் பலர் சிங்கள மூலத்தையே ஏற்கின்றனர். வியப்பு யாதெனில், அப்பெயருக்குரியது எருமையை நெரிக்கும் பாம்பன்று. சாட்டை போல் மெலிந்த மரப்பாம்பு!

ஓசை ஒத்தல் மட்டும் உறவுக்குச் சான்றாகாது. நம் மொழிக்குப் பெருமை தருவதாயினும், சான்றில்லாத உரிமையைக் கோராது விடுதலே மொழிப்பற்றுக்கு அழகு. பிறர் சொல்லைப் பிறரதெனக் கூறும் நேர்மை உடையோர், தம் சொல்லைத் தமதெனக் கூறும்போது உலகம் அதனை நம்பும்.