காடையின் கால்வீக்கம்



17, 18 நாட்களில் முட்டையை விட்டு வெளிவந்து, இரண்டு மாதம் நிரம்புமுன்னரே தானும் முட்டையிடத் தொடங்கிவிடும் ஜப்பானியக் காடையை, இறைச்சிக்கென்றில்லாமல் பிரியத்தின் பொருட்டே வீட்டில் வளர்ப்போர், காலையில் கூண்டைத் திறந்ததும் முதலில் பரிசீலிக்க வேண்டியது அதன் பாதங்களையே.

கம்பிவலையின் மீதோ, ஈரம் ஊறிய மரத்தூளின் மீதோ ஓயாமல் நிற்கும் அச்சிறு பட்சியின் உள்ளங்காலில் கீறல் ஏற்பட்டு, அதன் வழியே ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் புகுந்துவிட்டால், பாதம் சிவந்து வீங்கி, நடுவே கருத்த பொருக்கொன்று தோன்றும். இளஞ்சூடான உப்புநீரில் காலைச் சில நிமிஷம் அமிழ்த்தி, ஈரத்தை ஒற்றியெடுத்து, போவிடோன் அயோடின் தடவி, உலர்ந்த மெத்தென்ற படுக்கையில் தனியே விடுவது ஆரம்ப நிலைக்கு உரிய சிகிச்சை. பறவைகளின் சீழ் நீர்த்து வழியாமல் கெட்டியாக இறுகிவிடும் சுபாவமுடையதாதலால், அதைப் பிதுக்கியெடுக்கும் விபரீத யோசனையை விடுத்துக் கால்நடை வைத்தியரிடம் செல்வதே உசிதம்.

ஆயினும் வீக்கம் யாவும் கிருமியால் வருவதன்று. விரலைச் சுற்றிக்கொண்ட ஒற்றைத் தலைமயிர்கூட இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும்! விரல் நுனியில் உருண்டையாய் இறுகிய எச்சத்தையோ, வெந்நீரிலன்றி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தே பெயர்க்க வேண்டும். வலிந்து இழுத்தால் நகமும் உடன் வந்துவிடும். குஞ்சுகளின் கால்கள் அகன்று விரிந்துபோவதற்கு, சுத்தத்தை உத்தேசித்து நாம் விரிக்கும் வழவழப்பான செய்தித்தாளே பெரும்பாலும் காரணம்; விரல்கள் உட்சுருள்வதற்கு ரிபோஃபிளேவின் சத்துக் குறைவு ஒரு காரணமாகலாம்.

மற்றொன்று: குஞ்சுகளின் தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களை நிரப்பி வையுங்கள், விரற்கடை ஆழமே குஞ்சுகள் மூழ்கிச் சாகப் போதுமானது.