மலையில் வகுத்த இரு பால்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது லுணுகலை. அதனைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களில், காலையில் பிரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும் வேளையை உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். கூடை சுமப்போர் பெரும்பாலும் பெண்கள். கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் ஏந்துவோர் ஆண்கள். பேர் எழுதும் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவரும் பெரும்பாலும் ஆடவரே. இந்தப் பங்கீடு இயற்கை வகுத்ததா, மனிதர் வகுத்ததா? இவ்வினாவையே இன்றைய பேச்சுக்குப் பொருளாகக் கொண்டுள்ளேன்.

நம் இலக்கணத்தில் பால் என்னும் சொல்லுக்குப் பகுப்பு என்பது பொருள். இலக்கணம் பகுத்தது சொற்களை. சமுதாயமோ அதனோடு நில்லாமல் தொழிலையும், நேரத்தையும், கூலியையும், சிரிப்பையும், அழுகையையும்கூட ஆணுக்கு இன்னது, பெண்ணுக்கு இன்னது என்று பகுத்துவிட்டது. உடலின் வேறுபாடு பிறப்போடு வருவது. இப்பகுப்புகளோ பழக்கத்தால் வருவன. பழக்கத்தை இயற்கையென்று மயங்கும்போதுதான் அநீதி நமக்கு அநீதியாகத் தோன்றாமல் போகிறது.

பெண்ணின் விரல் மென்மையானது, ஆகையால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவதற்கு அவளே உரியவள் என்று சொல்லுவார்கள். கேட்பதற்கு இனிய காரணந்தான். ஆனால் வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை. தமிழகத்து வறண்ட ஊர்களிலிருந்து முதலில் இங்கு வந்தோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள். பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பிய அவர்களில் ஆண்களே மிகுதி. கோப்பிப் பழத்தைப் பறித்தவையும் பெரும்பாலும் ஆண்களின் கைகளே. 1869ஆம் ஆண்டில், லுணுகலைக்கு அண்மையிலுள்ள மடுல்சீமைப் பகுதியிலேதான் கோப்பி இலையைத் தின்னும் நோய் இத்தீவில் முதன்முதல் காணப்பட்டது. அந்நோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. குறைந்த கூலிக்குக் கிடைத்த பெண்ணின் உழைப்பு கொழுந்து மலைக்குச் சென்றது. கூலிக் கணக்கு முதலில் வந்தது. மென்விரல் என்னும் விளக்கம் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது எனலாம்.

கென்யா நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஆண்கள் பெருந்தொகையாகக் கொழுந்து பறிக்கின்றனர். அங்குள்ள செடியும் இதே இனந்தான். அது கிள்ளுகின்ற விரலின் பாலைக் கேட்பதில்லை. மழையிலும் பனியிலும் அட்டைக்கடியிலும் பல ஆண்டுகள் உழைத்த பெண்ணின் கையை ஒருமுறை பார்த்தவர், மென்மை என்ற சொல்லை மீண்டும் எடுத்தாள மாட்டார்.

பகுப்பு தொழிலோடு நின்றிருந்தால் தீங்கு சிறிதாயிருக்கும். அது கூலியிலும் புகுந்தது. குறைந்தபட்சக் கூலிக்கென 1927ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. அதன்படி 1929இல் உயர்ந்த மலைப் பகுதிகளுக்கு விதித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். சிறுவருக்கு 32 சதம். தோட்டத்தின் வருவாயே கொழுந்திலிருந்து வருகிறது. அதனைப் பறித்தவளுக்கு, ஆணின் கூலியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே உரியது என்று சட்டமே எழுதிவைத்தது. அவ்வேறுபாடு நீங்கி ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கிடைத்தது, தொழிலாளர் போராட்டத்தின் பயனாக 1984ஆம் ஆண்டிலேதான். இடையில் கழிந்தவை 55 ஆண்டுகள். இரண்டு தலைமுறைப் பெண்களின் உழைப்பு அந்தக் கணக்கில் கரைந்துபோயிற்று.

கூலி சமமானது, நேரம் சமமாகவில்லை. கவ்வாத்துக்குச் செல்லும் ஆண் தன் பங்குக்கான செடிகளை வெட்டி முடித்ததும் நண்பகலை ஒட்டியே வீடு திரும்ப முடிகிறது. கொழுந்துக்குச் செல்லும் பெண் மாலை நிறுவை வரை மலையில் நிற்கிறாள். குறித்த எடை குறைந்தால் அவளுக்கு விழுவது அரைப்பேர். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் சென்றவளும் அவளே. மாலையில் திரும்பி மீண்டும் அடுப்படியில் நிற்பவளும் அவளே. அந்த வேலைக்குப் பேர் போடுவாரும் இல்லை. பெயர் சூட்டுவாரும் இல்லை. சம்பள நாளில் அவள் உழைத்த பணத்தைத் தந்தையோ கணவனோ கைநீட்டி வாங்கும் வழக்கமும் நெடுங்காலம் நிலவியது.

இவையெல்லாம் மாற்ற இயலாத இயல்புகளா? மலையகத்து மக்களின் கலையே இதற்கு விடை கூறுகிறது. மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதியாக வேடம் புனைபவர் வழக்கமாக ஓர் ஆடவரே. சேலை உடுத்து, வளையல் அணிந்து, நடையையும் குரலையும் மாற்றி, மதன் எரிந்தபின் அவர் தலைவிரித்துப் புலம்புகையில் லயமே உடன் கலங்குகிறது. அவரை எவரும் எள்ளி நகையாடுவதில்லை. தெய்வப் பாத்திரமென்றே போற்றுகின்றனர். பெண்மை என்று நாம் கருதும் நடையும் அசைவும் அழுகையும் கற்றுக்கொள்ளத்தக்கவை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா? எனினும் அதே ஆடவர் மறுநாள் இஸ்தோப்பைக் கூட்டினால், அல்லது குழந்தையின் துணியைத் துவைத்தால், அண்டை அயலார் நகைக்கின்றனர். கூத்தில் வணங்கப்படுவது வீட்டில் இழுக்காகிவிடுகிறது! பெண்ணுக்கோ அந்தக் கூத்துக்களத்தில்கூடப் பெண்ணாக ஆட நெடுங்காலம் இடம் தரப்படவில்லை.

இங்கே மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் தகும். பிறப்பில் பிறர் குறித்த பால் ஒன்றாகவும், தம் உள்ளம் உணரும் பால் வேறாகவும் அமைந்தோர் எக்காலத்தும் இருந்துள்ளனர். தொல்காப்பியமே தன் சொல்லதிகாரத்தில் அத்தகையோரைக் குறிக்கும் பெயர்களுக்கு விதி கூறுகிறது. இருபாலுள் அடங்காதோரையும் அது உயர்திணையிலேயே வைத்துப் பேசுகிறது. பால் அடையாளத்தை மாற்றிப் பதிந்துகொள்வதற்கான சான்றிதழ் வழங்க இலங்கைச் சுகாதார அமைச்சு வழிசெய்தது 2016ஆம் ஆண்டில். ஏடு தந்த இடத்தை நாடு தர இத்தனை காலம் ஆயிற்று. வீடும் லயமும் அதனைத் தரவேண்டிய கடன் இன்னும் நிலுவையில் உள்ளது.

மாற்றம் வரும் என்பதற்கும் சான்றுண்டு. 1930களில் மீனாட்சியம்மை நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் மேடையேறினார். அவர்தம் துயரைப் பாட்டாகக் கட்டிப் பாடினார். பெண் பொதுமேடையில் பாடுவதா என்று முகம் சுளித்த காலம் அது. 1931இல் இந்நாட்டில் பெண்களும் வாக்குரிமை பெற்றனர். ஆயினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை, ஆண் பெண் பாராமல், நாடற்றவராக்கியது. அந்த இருளைக் கடந்து, 2024ஆம் ஆண்டு நவம்பர்த் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் நாடாளுமன்றம் சென்றனர். தொழிற்சங்கங்களுக்குச் சந்தா செலுத்தியோரில் பெண்கள் பெருந்தொகையினர். தலைமை இருக்கையிலோ அவர்களை அரிதாகவே கண்டோம். அந்நிலையோடு ஒப்பிட்டால் இதன் பெருமை விளங்கும்.

ஆயினும் நாடாளுமன்றத்துக் கதவு திறந்ததனால் மட்டும் அடுப்படிக் கதவு திறந்துவிடாது. தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுவது மகளா, மகனா? அந்திப் பொழுதில் பாடப்புத்தகத்தோடு அமர்வது எவர், பாத்திரத்தோடு அமர்வது எவர்? ஆணும் பெண்ணும் அங்கேதான் வார்க்கப்படுகின்றனர். ஆகவே வார்ப்பை மாற்றும் வல்லமையும் அங்கேயே இருக்கிறது. நண்பகலில் வீடு திரும்பும் தந்தை, மாலையில் மனைவி வருமுன் உலை வைத்துவிட்டால், அதனைக் காணும் மகன் தனியாக ஒரு பாடம் கேட்க வேண்டியதில்லை. மனைவி ஈட்டிய கூலி அவள் கையிலேயே இருக்குமானால், மகளுக்குத் தன் உழைப்பின் மதிப்பை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கூலியைச் சமமாக்க 55 ஆண்டுகள் சென்றன. அதற்குச் சட்டமும் போராட்டமும் வேண்டியிருந்தன. வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளச் சட்டமும் வேண்டா, வேலைநிறுத்தமும் வேண்டா. மனம் ஒன்றே போதும். அந்த மனத்தை இன்று மாலையே, அவரவர் வீட்டு அடுப்பருகில் தொடங்கி வளர்ப்போமாக.