அரைஞாண் கயிற்றுக்கு அடியில்

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே!

என் முதல் வேலை பழவேற்காடு ஏரிக்கரையில். கல்லூரிப் பதக்கங்களின் மிதப்பு குறையாமல் போய் இறங்கினேன். அங்கே நான் தோற்ற கதையைச் சொல்கிறேன். ஜெயித்த கதைகளை இந்த மேடையில் நிறையவே கேட்டிருப்பீர்கள்.

நான்கு வயதுப் பையன். அப்பா ஏரியில் இறால் பிடிப்பவர். காய்ச்சல் ஒன்பதாம் நாள். மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை. ஊசியை மாற்றி மாற்றிப் போட்டேன், காய்ச்சல் அசையவில்லை. ஈரல் வீங்கத் தொடங்கியது. சென்னைக்கு அனுப்பச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கிராம சுகாதாரச் செவிலியர் பையனின் டவுசரைத் தளர்த்தி, அரைஞாண் கயிற்றைக் கொஞ்சம் தூக்கினார்.

“சார், இதப் பாத்தீங்களா?”

கயிற்றுக்கு அடியில் ஒரு கறுத்த பொருக்கு, பீடி நெருப்பில் சுட்டதுபோல. வலிக்காது, அரிக்காது, அதனால் பையன் சொல்லவில்லை. நான் தேடவில்லை.

ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. புதர்களில் வாழும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. அந்தக் கிருமி நம் உயிரணுவுக்குள்ளேயே குடியிருப்பதால், நான் போட்ட ஊசிகள் அதைத் தொடவே இல்லை. பையனின் பாட்டி பனையோலைக் கூடை முடைபவர். “ஓலை வெட்டப் போனா எங்கூடத்தான் வருவான் டாக்டரு, பொதர்லயே வெளையாடிட்டு இருப்பான்” என்றார். இதை அவர் முதல் நாளே சொல்ல ஆரம்பித்திருந்தார். நான்தான் பாதியில் மறித்து, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று கேட்டேன். அசித்ரோமைசின் கொடுத்த இரண்டாம் நாள் பையன் கஞ்சி கேட்டான்.

இது ஒரு கத்துக்குட்டி டாக்டரின் தோல்வி. ஒரு நோயிடம் ஒரு தேசத்தின் மருத்துவமே இப்படித் தோற்றிருக்கிறது. உங்கள் கொள்ளுப்பாட்டிகள் ‘குலைக்கட்டி’ என்று சொல்லி நடுங்கிய நோய் அது. பழைய பத்திரிகைகளைப் புரட்டினால் ஜம்மி லிவர்க்யூர் என்ற ஈரல் மருந்தின் விளம்பரம் கண்ணில் படும். அது வீட்டுக்கு வீடு இருந்த பயத்தின் அளவு. கைக்குழந்தையின் ஈரல் கல்லாக இறுகும், மஞ்சள் காமாலை வரும், சில மாதங்களில் குழந்தை போய்விடும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள்கூடப் போனதுண்டு. 1887-இல் கல்கத்தாவில் பதிவான நோய். சென்னையில் எஸ்.டி. ஆச்சார் 1960-இல் விரிவாக எழுதினார். பரம்பரை என்றார்கள், வைரஸ் என்றார்கள். தாய்ப்பாலை மட்டுமே நம்பி வளர்ந்த ஏழைக் குழந்தைகளை அது பெரும்பாலும் விட்டுவிட்டது. மாட்டுப்பாலுக்கு வழியிருந்த வீடுகளைத் தேடிப் போனது.

1970-களில் அந்த ஈரல்களில் செம்பு குவிந்திருப்பதைக் கண்டுகொண்டார்கள். புனே கே.இ.எம். மருத்துவமனையின் ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட், அவர்களோடு இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் டேனர் ஆகியோர் தாய்மார்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: பாலை எந்தப் பாத்திரத்தில் காய்ச்சுகிறீர்கள், எதில் ஊற்றி வைக்கிறீர்கள்? ஈயம் பூசாத பித்தளையில். பித்தளையின் செம்பு பாலில் இறங்குகிறது. பச்சைக் குழந்தையின் ஈரலால் அதை வெளியேற்ற முடிவதில்லை. லான்செட் இதழில் 1983-இல் இது வெளிவந்தது. ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதியிலும் 1900-க்கும் 1974-க்கும் இடையில் 138 குழந்தைகள் இதே போல இறந்திருந்தார்கள். அங்கே செம்புப் பாத்திரம்.

ஆய்வகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஈரலில் செம்பைக் காட்டியது நுண்ணோக்கிதான். அது எங்கிருந்து வந்தது என்ற விடை மட்டும் அடுப்படியில் கிடந்தது. அரை நிமிடக் கேள்வி. கேட்க 96 ஆண்டுகள் ஆயின.

பிறகு எவர்சில்வர் எல்லா அடுப்படிகளுக்கும் வந்தது. குலைக்கட்டி அநேகமாக மறைந்தது. உங்களில் யாரும் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் பித்தளையும் செம்பும் ‘பாரம்பரியம்’ என்ற பெயரில் இப்போது மறுபடி கடைக்கு வந்திருக்கின்றன. அலமாரியில் அழகாக அடுக்கட்டும், யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கைக்குழந்தையோடு வரும் அம்மாவிடம், பாட்டியிடம், வீட்டில் பால் எதில் காய்கிறது என்று நீங்கள் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை மறிக்காதீர்கள்.