சிறைக்கோட்டம் காணல்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வருகின்ற கோடை விடுமுறையில் நம் சங்கத்துக் குடும்பங்கள் அந்தமான் சென்றுவருவதெனத் தீர்மானமாயிற்று. ஆங்குள்ள பழைய சிறைச்சாலைக்குப் பெண்டிரையும் சிறாரையும் அழைத்தேகுதல் தகாது என்பர் நம்முள் முதியோர் சிலர். பலர் துன்புற்று மாண்ட இடத்தை வேடிக்கை பார்ப்பது பாவம் என்பது அவர்தம் கருத்து. அஃது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், அதனை ஒருமுறை கண்டுவந்தோமாதலின், சில கூற விழைகின்றோம்.

2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில் அச்சிறை நிற்கின்றது. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்தனர். நடுவே ஒரு கோபுரம். அதனின்று சக்கரத்தின் ஆரங்கள் போல ஏழு சிறகுகள். ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. அறைகள் 690-க்கு மேற்பட்டன. ‘செல்லுலார்’ என்னும் பெயர் ஒருவர்க்கு ஓர் அறை என்பது பற்றி வந்தது. ஒரு சிறகின் முகப்பு மற்றொன்றன் முதுகையே நோக்கும். ஆதலின், கம்பிகளூடே பார்ப்பவன் எதிரே இன்னொரு கைதியின் முகத்தைக் காணான். தாழ்ப்பாளோ கதவை விட்டு விலகிச் சுவர்க்குழியுள் சென்று பொருந்தும். உள்ளிருப்போன் கை எட்டாது. மனிதனை மனிதனிடமிருந்து பிரித்தற்கு எத்துணை நுண்ணிய கணக்கு!

செக்கிழுத்து நாளொன்றுக்கு 30 ராத்தல் தேங்காயெண்ணெய் தருதல் வேண்டும் என்றிருந்த கொடுமையை வழிகாட்டுவோர் விரித்துரைப்பர். 1933-இல் உண்ணாநோன்பிருந்து, வலிந்து ஊட்டப்பெற்றமையால் உயிர்நீத்த மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா என்னும் மூவரையும் நம் சிறார் அறிதல் வேண்டும்.

நிற்க. ஏழு சிறகுகளுள் இன்று எஞ்சியவை மூன்றே. 1941-இன் நிலநடுக்கத்தில் இக்கட்டடம் ஊறுபட்டது. ஏனைய சிறகுகள் பின்னர் இடிபட்டன. அவ்வளாகத்தில் மருத்துவமனை எழுந்தது. எஞ்சியவற்றையும் இடித்தல் கூடாது என்று முறையிட்டோர் யாவர்? அவ்வறைகளில் அடைபட்டுக் கிடந்த பழைய அரசியற் கைதிகளே! அதன் பின்னரே, 1979-இல் அது நாட்டின் நினைவுச்சின்னமாயிற்று. துன்புற்றோரே காண்க என்று விட்டுச்சென்றதை நாம் காண்பது பாவமாதல் யாங்ஙனம்?

ஒன்று மட்டும் எம் நெஞ்சை உறுத்திற்று. கோபுரத்துச் சலவைக்கற்களில் விடுதலை வீரர் பெயர்கள் பொறிக்கப்பெற்றுள. சுவர்களை எழுப்பியவரும் கைதிகளே; முன்னரே தீவாந்தரம் விடுக்கப்பட்டோர். தம்மினத்தாரைப் பூட்டுதற்குத் தாமே செங்கல் சுமந்த அவர்தம் பெயரை யாம் ஆங்குக் கண்டிலேம். வழிகாட்டியும் அவரைப் பற்றி ஒரு சொல் உரைத்தாரிலர். பெற்றோர்களே, அதனை நீவிர் பிள்ளைகட்கு உரைப்பீர்களாக.

இரவில் ஒலி-ஒளிக் காட்சியும் உண்டு. முற்றத்து அரசமரமே கதை சொல்வதாக அமைத்துள்ளனர். நன்றே, எனினும் பகலில் ஓர் அறையுள் சிறிது நேரம் பேசாது நிற்றலே எமக்குப் பெரிதாயிற்று. தூக்குமேடையின் முன் சிரித்து நின்று படமெடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நம்மவர் மேற்கொள்ளற்க.

பத்து வயது நிரம்பிய சிறாரனைவரையும் அழைத்தேகலாம் என்பது எம் துணிபு. கப்பல்வழி சென்னையினின்று ஏறக்குறைய மூன்று நாட் பயணமாதலின், வர விரும்புவோர் காரியதரிசியிடம் இம்மாத இறுதிக்குள் பெயர் தருவார்களாக.