சான் டியேகோவிலிருந்து என்செனாடா வரை

பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்க, அவர்களைப் பார்த்துவரக் கலிபோர்னியாவுக்குப் போய் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிற அப்பா அம்மாக்கள் இன்று நம் ஊர்களில் நிறைய. சான் டியேகோ வரை போகிறவர்கள் அங்குள்ள பெரிய மிருகக்காட்சிசாலையைப் பார்ப்பார்கள். துறைமுகத்தில் நிற்கும் பழைய விமானந்தாங்கிக் கப்பலில் ஏறி இறங்குவார்கள். அதோடு திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் மெக்சிகோ. காலையில் வேனில் கூட்டிப்போய், கடற்கரை ஊர்களில் மீனும் இறாலும் சாப்பிடவைத்து, பாட்டுக் கேட்கவைத்து, இரவு கொண்டுவந்து விட்டுவிடும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அப்படி ஒரு நாளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் காகிதச் சங்கதி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் அந்த அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்று வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். போவதற்கு அது பெரிதாகத் தெரியாது. திரும்பி வரும்போதுதான் அது இல்லாமல் நடக்காது.

எல்லையின் பெயர் சான் இசித்ரோ. உலகத்திலேயே மிக அதிக நெரிசலுள்ள தரைவழி எல்லைகளில் ஒன்று. ஆனாலும் தெற்கே போகிறவனுக்கு அது எல்லை மாதிரியே தெரியாது. வேன் மெதுவாகிறது, ஒரு விளக்கு எரிகிறது. பச்சை எரிந்தால் நேரே போகலாம். சிவப்பு எரிந்தால் ஓரமாக நிறுத்திச் சாமான்களைப் பார்ப்பார்கள். எங்களுக்குப் பச்சை எரிந்தது. குடியேற்ற அதிகாரியிடம் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் திஹுவானா நகரம். பலகைகள் எல்லாம் ஸ்பானிஷ். தெருவோர அடுப்புகளில் இறைச்சி வேகும் புகை. வரிக்குதிரை போலக் கோடு போட்ட கழுதைகள் படம் பிடிப்பதற்காகத் தெருமுனையில் நிற்கின்றன. சீசர் சாலட் என்று உலகமெங்கும் ஓட்டல்களில் கொடுக்கிறார்களே, அது 1924இல் இந்த ஊரில் சீசர் கார்டினி என்ற இத்தாலியர் நடத்திய உணவகத்தில் பிறந்தது என்பார்கள். பன்னாட்டு ரசிகர்களைப் பெற்ற கிட்டார் கலைஞர் கார்லோஸ் சந்தானா சிறுவயதில் வளர்ந்ததும் இங்கேதான். அவருடைய அப்பா, மரியாச்சி என்ற மெக்சிகோ நாட்டு இசைக்குழுவில் வயலின் வாசித்தவர்.

எங்கள் வழிகாட்டி திஹுவானாவில் பிறந்த பெண். விடிவதற்கு முன்பே எல்லையில் வரிசையில் நின்று சான் டியேகோவுக்கு வந்து, எங்களை ஏற்றிக்கொண்டு மறுபடி தன் ஊருக்கே அழைத்துப்போகிறார். அவர் எங்களை நேரே சாப்பாட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. முதலில் கடலும் வேலியும் சந்திக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். அது மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன். இந்தக் கரையில் என்ன சாப்பிட்டாலும், எந்தப் பாட்டைக் கேட்டாலும், அந்த வேலியை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சாப்பிடுவதும் கேட்பதும்தான் நியாயம்.

பிளாயாஸ் தெ திஹுவானா என்பது அந்தக் கடற்கரையின் பெயர். உயரமான இரும்புத் தூண்கள் அடுக்கிய வேலி, மணலைத் தாண்டி, அலைக்குள் இறங்கி, தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் போய் நிற்கிறது. இந்தப் பக்கம் தூண்களில் ஓவியம் வரைந்திருக்கிறார்கள். பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். இளநீரும் மிளகாய்ப்பொடி தூவிய மாம்பழமும் விற்கிறார்கள். அந்தப் பக்கம் வெறும் மணல், ஒரு ரோந்து வண்டி. 1848இல் அமெரிக்க-மெக்சிகோ போர் முடிந்து ஒப்பந்தம் எழுதியபோது, சான் டியேகோ துறைமுகம் அமெரிக்காவிடம் இருக்க வேண்டும் என்பதற்காக, அந்தத் துறைமுகத்தின் தென்கோடியிலிருந்து ஒரு கடல் லீக் தெற்கே தள்ளிக் கோடு போட்டார்கள். ஒரு கடல் லீக் என்றால் சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர். ஒரு நல்ல துறைமுகத்துக்காக அளந்த அந்தத் தூரம்தான் இன்று ஒரு கடற்கரையை இரண்டாக்கி வைத்திருக்கிறது.

அந்தக் கோட்டின் மேல் ஒரு பூங்கா உண்டு. நட்புப் பூங்கா என்று பெயர். 1971இல் அமெரிக்க அதிபர் நிக்சனின் மனைவி பாட் நிக்சன் அதைத் தொடங்கிவைக்க வந்தார். அன்று அங்கே இருந்தது முள்கம்பி மட்டும்தான். அதையும் வெட்டச் சொல்லி, அந்தப் பக்கம் நின்ற மக்களிடம் போய்க் கைகொடுத்தார். பின்னால் வேலி வளர்ந்தது, இரட்டையானது, நெருக்கமான கம்பிவலை வந்தது. குடும்பங்கள் இரு பக்கமும் நின்று விரல் நுனியை மட்டும் தொட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 2020இல் அமெரிக்கப் பக்கத்தை மூடிவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் 2008இல் ஹோர்ஹே பிரான்சிஸ்கோ காஸ்தியோ என்ற நூலகர் ஒரு காரியத்தைத் தொடங்கினார். மெக்சிகோவின் மறுகோடியில், வெராக்ரூஸ் கடற்கரையில், சோன் ஹரோச்சோ என்ற நாட்டுப்புற இசை இருக்கிறது. ஹரானா என்னும் சின்னக் கிட்டார்கள், கழுதையின் தாடை எலும்பைத் தட்டியும் உரசியும் எழுப்பும் தாளம், நடுவில் ஒரு மரப்பலகை. அந்தப் பலகையில் காலால் தாளம் போட்டு ஆடுவார்கள். பலகைதான் அங்கே மத்தளம். ஒருவர் ஒரு அடி பாட, எதிரில் இருப்பவர் பதில் பாடுவார். கூடி வாசிக்கும் அந்த விழாவுக்கு ஃபந்தாங்கோ என்று பெயர். அதை அவர் வேலியின் இரு பக்கமும் வைத்து நடத்தினார். இங்கே கலைஞர்கள், அங்கே கலைஞர்கள், நடுவில் இரும்பு. இங்கே எடுத்த பாட்டுக்கு அங்கிருந்து பதில் வந்தது. ஆண்டுதோறும் தொடர்ந்த இந்த விழாவுக்கு 2018இல் நியூயார்க்கின் ஜாஸ் இசைக்கலைஞர் அர்துரோ ஓஃபாரில் தம் குழுவோடு வந்து வாசித்து, அதை இசைத்தட்டாக வெளியிட்டார், படமும் வந்தது. நாங்கள் போன நாளில் ஃபந்தாங்கோ இல்லை. ஒரு அக்கார்டியன்காரர் கடலோர நடைபாதையில் மேசை மேசையாக வாசித்துக்கொண்டு போனார். வேலிக்கு அந்தப் பக்கமும் அது கேட்டிருக்கும்.

பிறகு சாலை. தெற்கே போகும்போது வண்டியின் வலப்பக்கம் கடல். சீட்டுப் பிடிக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சுங்கச்சாவடிகளில் காசு கட்டிப் போகும் நல்ல சாலை. என்செனாடா வரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பல இடங்களில் செங்குத்துப் பாறையின் விளிம்பிலேயே ஓடுகிறது.

வழியில் ரொசாரிட்டோவைத் தாண்டியதும் போபோத்லா என்ற மீனவக் குப்பம். டைட்டானிக் படத்துக்காக 1996இல் கட்டிய பிரம்மாண்டமான சினிமா ஸ்டுடியோ இதன் பக்கத்துச் சுவர்தான். ஸ்டுடியோவின் படப்பிடிப்புத் தொட்டிகளிலிருந்து வெளியேறிய தண்ணீரால் மீன்பாடு குறைந்ததாக மீனவர்கள் அப்போது முறையிட்டார்கள். படம் உலகம் சுற்றிவந்துவிட்டது. குப்பம் இன்னும் பிழைத்துக்கொண்டிருக்கிறது. ஃபைபர் படகுகளை மணலில் இழுத்துப் போட்டு, அங்கேயே நண்டும் மீனும் விற்கிறார்கள். கால் நீண்ட சிலந்தி நண்டைக் கையில் தூக்கிக் காட்டி விலை பேசுகிறார்கள். வாங்கிக் கொடுத்தால் பக்கத்துக் கடையில் சமைத்துத் தருவார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த இடம் இது. அலங்காரம் எதுவும் இல்லை. கடலில் எது கிடைத்ததோ அதுதான் அன்றைய சாப்பாடு.

அடுத்தது புவெர்ட்டோ நுவேவோ. ஊர் முழுக்க ஒரே பண்டம்: சிங்கி இறால். கன்னியாகுமரியிலும் தூத்துக்குடியிலும் பிடிக்கிறோமே, கொடுக்கு இல்லாமல் நீண்ட மீசையோடு இருக்கும், அதே பேரினத்தைச் சேர்ந்தது. நம்முடையது கிட்டத்தட்ட முழுவதும் ஏற்றுமதிக்குப் போய்விடுவதால் நம்மில் பலர் அதைத் தட்டில் பார்த்ததில்லை. இங்கே 1950களில் மீனவர் வீட்டுப் பெண்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே சமைத்துப் போடத் தொடங்கினார்கள். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கொழுப்பில் பொரித்து, உருக்கிய வெண்ணெய், சோறு, மசித்த பீன்ஸ், கைக்குட்டை அகலத்துக்கு டோர்ட்டியா என்னும் மெல்லிய கோதுமை ரொட்டி. டோர்ட்டியாவில் எல்லாவற்றையும் வைத்துச் சுருட்டிக் கையால் சாப்பிட வேண்டும். வீட்டு வாசல்கள் இன்று தெருத்தெருவாக உணவகங்களாகிவிட்டன. ஒன்று சொல்லிவிடுகிறேன். பொரிக்கும் கொழுப்பும், பீன்ஸ் மசிக்கும் கொழுப்பும் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு. வேண்டாதவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டால் எண்ணெயில் செய்து தருகிற கடைகள் உண்டு.

என்செனாடாவுக்கு மதியம் போய்ச் சேர்ந்தோம். பெரிய வளைகுடா, துறைமுகம், சூரைமீன் வளர்க்கும் வட்டக் கூண்டுகள். இந்தக் கடல் ஏன் இப்படிக் கொடுக்கிறது என்றால், வடக்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் ஒன்று இந்தக் கரையோரமாக இறங்குகிறது. காற்று மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்துச் சத்துநீர் மேலே வருகிறது. அதில் பாசிக்காடுகள் வளர்கின்றன. பாசிக்காட்டில் கடல் முள்ளெலி, மட்டி, நண்டு, மீன். தெற்கே போகிறோம், வெயில் அடிக்கிறது, ஆனால் கடலில் கால் வைத்தால் ஜில்லென்றிருக்கும். அந்தக் குளிர்தான் இந்த ஊரின் சோறு. 2015இல் யுனெஸ்கோ என்செனாடாவை உணவுக்கலை நகரங்களின் பட்டியலில் சேர்த்தது.

மீன் சந்தையை ஒட்டிய கடைகளில் நின்றுகொண்டே மீன் டாக்கோ சாப்பிட வேண்டும். மீன் துண்டை மாவில் தோய்த்து, நம் வாழைக்காய் பஜ்ஜி மாதிரி மொறுமொறுவென்று பொரித்து, இளஞ்சூடான மக்காச்சோள டோர்ட்டியாவில் வைத்து, மேலே நறுக்கிய முட்டைக்கோஸ், வெள்ளைக் குழைசாறு, தக்காளி வெங்காயம் கொத்தமல்லி பச்சைமிளகாய் கலவை, கடைசியில் எலுமிச்சை. இந்த மாவில் தோய்க்கும் முறை இங்கு வந்து குடியேறிய ஜப்பானிய மீனவர்கள் தந்தது என்று சிலர் சொல்கிறார்கள். மிளகாயைக் கடித்தபோது ஒன்று நினைத்துக்கொண்டேன். இது நம் ஊர்க் காரம் அல்ல. நம் ஊர்க் காரம்தான் இவர்களுடையது. மிளகாயின் பிறப்பிடம் மெக்சிகோ. போர்த்துக்கீசியர் கப்பலில் நமக்கு வந்து சேரும்வரை நாம் மிளகைத்தான் அரைத்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்சம் நடந்தால் லா கெரரென்சே என்ற தள்ளுவண்டிக் கடை. 1960இலிருந்து இருக்கிறது. சபினா பந்தேரா என்ற அம்மாள் பெயர் பெற்றுத் தந்த கடை. தோஸ்தாதா என்னும் மொறுமொறுப்பான டோர்ட்டியா மேல் கடல் முள்ளெலிக் குழைவும் பச்சை மட்டியும் வைத்துத் தருகிறார்கள். அயோடின் கலந்த இனிப்பு. முதல் வாய் எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது வாயும் எடுத்துப் பாருங்கள்.

மாலையில் பாட்டு. ரூயிஸ் தெருவில் ஹுஸ்ஸோங்ஸ் என்று ஒரு மதுக்கடை, 1892இல் ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம் தொடங்கியது. குடிக்காதவர்கள் சோடா வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அங்கே வட மெக்சிகோவின் நோர்தேன்யோ இசைக் குழுக்கள் வரும். அக்கார்டியன், பாஹோ செஸ்தோ என்ற பன்னிரண்டு தந்திக் கிட்டார், நின்று வாசிக்கும் பெரிய பாஸ். அந்த அக்கார்டியனும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர்களும் செக் மக்களும் இந்தப் பக்கங்களுக்குக் கொண்டுவந்ததுதான். அவர்களுடைய போல்கா தாளம் இவர்கள் கையில் கதைப்பாடலுக்கு வந்து சேர்ந்தது. கொரிதோ என்னும் அந்தக் கதைப்பாடல்களில் சண்டை, காதல், கடத்தல், எல்லை தாண்டிய துயரம் எல்லாம் உண்டு. லோஸ் திக்ரெஸ் தெல் நோர்த்தே என்ற குழு 1970களில் பாடிப் புகழ்பெற்ற கடத்தல் கதைப்பாட்டு, காலையில் நாங்கள் கடந்துவந்த அந்த எல்லையில்தான் தொடங்குகிறது.

இங்கே ஒரு முறை உண்டு. பாட்டுக்கு இத்தனை என்று விலை பேசி, உங்கள் மேசைக்கு அழைத்துப் பாடச் சொல்லலாம். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். அடுத்த மேசையின் பாட்டை இலவசமாகக் கேட்டு, படமும் எடுத்துக்கொண்டு எழுந்துபோகிறவர்கள் நிறைய. நீங்கள் ஒரு பாட்டையாவது கேட்டு வாங்குங்கள். எந்தப் பாட்டு என்று தெரியாவிட்டால், அவர்கள் பிறந்த ஊர்ப்பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லுங்கள். நாங்கள் அப்படிக் கேட்டபோது, பாஸ் வாசித்த பெரியவர் அக்கார்டியன்காரரை ஒரு பார்வை பார்த்தார். முகமே மாறிவிட்டது. அதன்பிறகு வந்த பாட்டு, சுற்றுலாக்காரர்களுக்காக வாசித்தவற்றைவிட மெதுவானது, நீளமானது. இரண்டு மேசைகளில் சேர்ந்து பாடினார்கள்.

திரும்பும் வழி வேறு அனுபவம். காலையில் நிமிடங்களில் கடந்த எல்லையில் இரவு மணிக்கணக்கில் நிற்கிறோம். வண்டி வரிசைகளுக்கு நடுவே சுரோ பலகாரம், கம்பளி, பொம்மை, நாய்க்குட்டிகள்கூட விற்றுக்கொண்டு நடக்கிறார்கள். கிட்டாரோடு ஒருவர் கண்ணாடிக்குக் கண்ணாடி பாடிவருகிறார். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாக்காரர்கள் அல்ல. அக்கரையில் வேலை, இக்கரையில் வீடு என்று இருப்பவர்கள். எங்களை இறக்கிவிட்டபின் எங்கள் வழிகாட்டியும் மறுபடி தெற்கே போக வேண்டும்; விடிவதற்கு முன் மறுபடி இந்த வரிசையில் நிற்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் அன்பளிப்பைக் கணக்கிடும்போது இந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழங்களைப் பையில் வைத்திருந்தால் எல்லைக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பலவற்றை உள்ளே விட மாட்டார்கள். கோடையில் சிங்கி இறால் பிடிக்கத் தடை. அப்போது தட்டில் வருவது உறையவைத்தது. புதிதாகச் சாப்பிட வேண்டுமானால் இலையுதிர் காலத்தில், அக்டோபரிலிருந்து போங்கள். ஃபந்தாங்கோ கேட்க வேண்டுமானால் அந்த ஆண்டு நடக்கிறதா, எந்த நாளில் என்று வழிகாட்டியிடம் முன்பே விசாரித்துக்கொண்டு, அந்த நாளுக்குப் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.