எமக்குப் பின் இம்மகவுக்கு யார்?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"எமக்குப் பின் இம்மகவுக்கு யார்?" என்னும் வினா, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்ற இல்லந்தோறும் இரவில் எழுவதொன்றாம். பகலில் அதனை வாய்விட்டுப் பேசுவோர் சிலரே. இன்று அதனையே பேச எழுந்தேன்.

நம் தெருக்களில் வழங்கும் முறை யாவரும் அறிந்ததே. தந்தையார் வீட்டையும் தறியையும் மூத்த மகன்பால் ஒப்புவித்து, "தம்பியைக் கைவிடாதே" என்று கூறிக் கண்மூடுவர். மூத்தவன் நல்லவனேயாயினும் கடன்படலாம். தம்பிக்கு முன்னரே இறக்கவுங் கூடும். வாய்ச்சொல்லைக் கொண்டு வழக்காட இளையவனால் இயலாது.

இனிச் சட்டத்தை நோக்குவோம். பிறவியிலேயே பார்வையும் செவியும் இல்லார், பித்தர் முதலியோர்க்குப் பங்கில்லையெனப் பழைய இந்து தரும நூல்கள் விலக்கின. 1928 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விலக்கைப் பெரும்பாலும் நீக்கியும், பிறவியிலேயே மதி குன்றினாரை விலக்கியே வைத்தது. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே, எக்குறையும் உரிமையைப் பறியாதென 28 ஆம் பிரிவில் முடிவு கூறிற்று. ஆதலின் தந்தை உயிலின்றி இறப்பின், அவர் தேடிய பொருளில் அம்மகவுக்கும் உடன்பிறந்தாரோடு ஒத்த பங்குண்டு. பங்குண்டேனும், கையொப்பமிட்டு அதனை ஆளும் வலியில்லை, இடர் அதுவே.

கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டுமன்றோ? இதற்கும் மூன்று வேண்டும்.

முதலாவது, உயில். இரு சாட்சிகள் முன் கையொப்பமிடல் வேண்டும். பதிவு கட்டாயமன்று, எனினும் சார்பதிவாளர் அலுவலகத்திற் பதிந்து வைத்தல் நன்று.

இரண்டாவது, டிரஸ்டு. 1882 ஆம் ஆண்டுச் சட்டப்படி அதனை உயிலிலேயே அமைக்கலாம். பங்கினை மகவின் கையில் நேரே வையாது, நம்பத்தக்க இருவர் மூவர் பொறுப்பில் வைத்து, வாடகையும் வட்டியும் அம்மகவின் உணவு, உடை, மருந்துக்கே ஆகுக என வரையறுக்க வேண்டும். ஒருவர் இறப்பின் அவ்விடத்து வருபவர் யாரென்பதையும் எழுதுக.

மூன்றாவது, காப்பாளர். 18 வயது நிறைந்தவுடன் பெற்றோரின் இயற்கைக் காப்புரிமை முடிந்துவிடும். இதனைப் பலர் அறியார். 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் மதியிறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல்வகைக் குறை உடையார்க்கு உரியது. அதன்படி மாவட்டத்து உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளரைப் பெறலாம். அவர் 6 மாதத்திற்குள் சொத்துப் பட்டியலும், ஆண்டுதோறும் கணக்கும் கொடுத்தல் வேண்டும். பொருளைக் கையாடினும், மகவைக் கொடுமை செய்யினும் அவரை நீக்க வழியுண்டு. வாய்மொழிக்கு இல்லாத காவல் இதுவே.

தமிழக அரசு பராமரிப்பு உதவித்தொகையை மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தியது. அதனைப் பெறுக; ஆனால் அஃதொன்றே ஓர் உயிரைத் தாங்குமென்று இருந்துவிடற்க.

அன்பர்களே! உயிலெழுதுதல் மூத்த மகனை ஐயுறுதலன்று. அவன் தலைமேல் வைத்த சுமையைத் தாங்க அவனுக்குத் துணைதருதலேயாகும். அவனையும் அருகிருத்தி, அறிந்த வக்கீலொருவரைக் கொண்டு, உடல்நலமுள்ள நாளிலேயே இவற்றை முடிப்பீர்களாக.