விலகி நின்ற வட்டு



ஒரு சங்கத்தில் பல ஆண்டுகளாகச் சேர்த்த ஒலிப்பதிவுகளும் நிழற்படங்களும் ஒரு கணினியில் இருந்தன. இடம் போதவில்லை என்று பழைய வட்டுகளைக் கழற்றிப் பெரிய வட்டுகளைப் பொருத்தத் தொடங்கினார்கள். பாதி வேலையில் கோப்புகள் யாவும் காணாமற்போயின. இரவு பத்து மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. அன்று நடந்ததைக் கொண்டே இன்று சில செய்திகளைச் சொல்லலாம் என எண்ணுகிறேன்.

பல வட்டுகளை ஏன் ஒன்றாகச் சேர்க்கிறோம்? அமெரிக்காவில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988-இல் வெளியிட்ட கட்டுரை 'ரெய்டு' என்னும் பெயரைப் பரப்பியது. விலை குறைந்த பல வட்டுகளை ஒரே வட்டுப்போல் இயக்கி, ஒன்று கெட்டாலும் தகவல் கெடாமல் காப்பதே அதன் நோக்கம். தனிக் கருவி எதுவுமின்றி, லினக்ஸ் இயங்குதளமே மென்பொருளால் இதைச் செய்யும்.

எப்படிக் காக்கிறது? மூன்று பேரிடம் 7, 5, 8 என்ற எண்களையும், நான்காமவரிடம் கூட்டுத்தொகையான 20-ஐயும் கொடுங்கள். 5-ஐ வைத்திருந்தவர் வராவிட்டாலும், 20-இலிருந்து 7-ஐயும் 8-ஐயும் கழித்தால் அது கிடைத்துவிடும். கணினி போடும் கணக்கு வேறு வகை, கருத்து இதுவே. ஆனால் இருவர் வராவிட்டால் கணக்கு நின்றுவிடும்.

அந்தக் கணினியில் 2 டெராபைட் வட்டுகள் நான்கு. ஒன்றைக் கழற்றி 4 டெராபைட் வட்டைப் பொருத்தினார்கள். புதியதை நிரப்ப, எஞ்சிய மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். நெடுங்காலம் எவரும் தொடாத மூலைகளும் அப்போதுதான் படிக்கப்படும். அப்படி ஒரு மூலையில், இரண்டாம் வட்டின் ஒரு சிறு பகுதி படிக்க முடியாமற்போயிற்று. சாதாரண மேசைக் கணினி வட்டு, அத்தகைய இடத்தில் ஒரு நிமிடத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப முயலக்கூடும். லினக்ஸோ வழக்கமாக 30 விநாடிதான் பொறுக்கும். பதில் வராததால் வட்டை விலக்கிவிட்டது. வட்டு சாகவில்லை, பதில் சொல்லத் தாமதித்தது, அவ்வளவே.

"ஐயா, 'கிரியேட்' கட்டளை கொடுத்துப் புதிதாக அமைத்துவிடட்டுமா?" என்று கேட்டார் நண்பர்.

"கை வைக்காதீர்கள், இதோ வருகிறேன்" என்றேன்.

அந்தக் கட்டளை வட்டுகளிலுள்ள பழைய குறிப்புகளை அழித்துவிடும். வட்டுகளின் வரிசை மாறினாலோ தகவலே அழியக்கூடும்.

முதலில், ஒவ்வொரு வட்டின் தொடர் எண்ணையும் அது இருந்த இடத்தையும் தாளில் எழுதினோம். கம்பி இணைப்புகளைப் பார்த்தோம். பிறகு ஒவ்வொரு வட்டிலும் உள்ள நிகழ்வு எண்ணைப் படித்தோம். தொகுதியில் மாற்றம் நேரும்போது இந்த எண் ஏறும். விலக்கப்பட்ட வட்டில் அப்படியே நின்றுவிடும். நம் இரண்டாம் வட்டின் எண் மற்றவற்றைவிடச் சிறிதளவே பின்தங்கியிருந்தது. அதிலிருந்த தகவல் ஏறக்குறைய முழுமையானது என்பதற்கு அதுவே சான்று.

காத்திருக்கும் நேரத்தை 180 விநாடியாக உயர்த்தினோம். பழைய வட்டுகள் மூன்றையும் 'அசெம்பிள்' கட்டளையால் வலிந்து இணைத்து, படிக்க மட்டும் அனுமதித்துத் திறந்தோம். கோப்புகள் தெரிந்தன! உடனே வெளி வட்டொன்றில் நகலெடுத்தோம். இரண்டு ஒலிப்பதிவுகள் மட்டும் கிடைக்கவில்லை. அதன் பிறகே புதிய வட்டுகள் நான்கையும் கொண்டு புதிதாக அமைத்தோம். 'கிரியேட்' கட்டளைக்கு உரிய நேரம் அதுதான்.

வட்டுகளை இடையூறின்றி மாற்றி முடித்தவர்களுக்கும் ஒரு திகைப்பு உண்டு. கொள்ளளவு பழைய 6 டெராபைட்டாகவே தெரியும். இது பழுதன்று. தொகுதியை வளர்க்கும் கட்டளையைத் தனியே கொடுத்து, பின்னர் கோப்பு முறைமையையும் விரிக்க வேண்டும். பழைய வட்டின் பிரிவினை அட்டவணையை அப்படியே புதியதில் படியெடுத்திருந்தால், பிரிவுகளைப் பெரிதாக்கும் வரை கூடுதல் இடம் பயன்படாது. பழைய எம்.பி.ஆர். அட்டவணை சுமார் 2 டெராபைட்டுக்கு மேல் போகாது, ஜி.பி.டி. முறையே வேண்டும்.

ஆகவே நேயர்களே, வட்டு மாற்றும் முன் நகலெடுங்கள். எல்லா வட்டுகளையும் ஒருமுறை முழுதும் படித்துச் சோதியுங்கள். இடமிருந்தால் பழைய வட்டைக் கழற்றாமலே புதியதைச் சேர்த்து மாற்றுங்கள். வேலை முடியும் வரை பழையதை எறிந்துவிடாதீர்கள். வட்டுத் தொகுதி நகலுக்கு ஈடாகாது. தவறி அழித்த கோப்பு தொகுதி முழுவதிலும் அழிந்தே போகும்.

அந்த இரண்டு ஒலிப்பதிவுகளுக்கு வேறு நகல் இல்லை. ஒரு வெளி வட்டை முன்கூட்டியே வாங்கியிருந்தால் அவையும் இன்று இருந்திருக்கும்.